ஃபேக்ஸ் வந்தது, பேச்சு போச்சு

இந்த வீட்டில் இனி நான் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்த டெலிபோன் வேலை செய்ய வேண்டும், இரண்டும் சேர்ந்து நடக்காது என்று மொழிபெயர்ப்பாளர் முடிவு கட்டினார்.

வக்கீல்கள் அனுப்பும் சாட்சியங்களை வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பது அவர் பிழைப்பு. மேசைக்குப் பக்கத்திலேயே டெலிபோன். அதில் தினமும் மனைவியின் அக்கா. செல்போன் காதைச் சுடுகிறதாம், அதனால் லேண்ட்லைன்தான். மனைவி அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அக்காவின் முழங்கால்வலிக் கதையைக் கேட்டபடி வெங்காயம் உரிப்பாள். போன வாரம் ஒரு கொலை வழக்கில், "கத்தியோடு வந்தவர் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தார்" என்று தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார் மனிதர். நீதிபதி சிரித்தாராம். வக்கீல் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

ஃபேக்ஸ் வசதியுள்ள பிரிண்டர் வீட்டுக்கு வந்தது. சுவரிலிருந்து வந்த வயரை அதன் முதுகில் சொருகினார். முதல் மணியிலேயே மெஷின் எடுத்துக்கொள்ளும்படி அமைத்தார். டெலிபோனைப் பரணில் ஏற்றினார்.

"இனிமே லைன் ஃபேக்ஸுக்கு மட்டும்தான்."

"அக்கா கூப்பிட்டா?"

"கீய்ய்ங்னு கத்தும்."

"அக்காவா?"

"மெஷின்!"

சண்டையை எதிர்பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றார். அவளோ மெஷினைச் சுற்றி வந்தாள்.

"இதுல எப்படிங்க அனுப்பறது? எழுத்து மேல பார்க்கணுமா, கீழ பார்க்கணுமா?"

"மேல."

"நம்பரை அழுத்திட்டு?"

"பச்சைப் பட்டன்."

"அடேயப்பா, உங்களுக்கு என்னெல்லாம் தெரியுது!"

பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை வீடே அமைதி. இரண்டு பக்கம் தப்பில்லாமல் முடித்தார். அப்புறம் மெஷின் முனகியது. தாள் ஒன்றைத் துப்பியது. பின்னாலேயே இன்னொன்று. மனைவி ஓடி வந்தாள், ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக "ம்" என்று எழுதினாள், பச்சைப் பட்டனை அழுத்தினாள்.

"யாருக்குடி இது?"

"அக்காவுக்குத்தான். அத்தான் ஆபீஸ்ல ஒரு மெஷின் சும்மா கிடக்குதாம்."

"ஒரு முழுத் தாளுக்கு ஒரே ஒரு 'ம்'மா?"

"பதிலே வரலைன்னா நான் கேட்கலைன்னு நினைச்சுக்க மாட்டாளா?"

அடுத்து "ஐயோ" போனது. அதன் பின்னால் "அப்புறம்?" போனது. மேசையில் செல்போன் அலறியது. வக்கீல்தான்.

"என்னய்யா, எத்தனை தடவை போட்டாலும் உன் ஃபேக்ஸ் பிஸி! சாயங்காலத்துக்குள்ள சாட்சியம் வந்தாகணும்!"

மொழிபெயர்ப்பாளர் மனைவியிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா!"

"கடைசித் தாளுக்கு நான் பதில் போட்டாத்தான் நிறுத்துவா. அவ கையெழுத்து வேற புரியலை. எவன் கிறுக்கினாலும் நீங்க படிச்சிடுவீங்களே, கொஞ்சம் சத்தமா படிங்க."

வேறு வழியில்லை. தாளைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"'இந்த விஷயம் மட்டும் உன் வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிடக் கூடாது...'"

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, காட்டலை. நீங்க மேல படிங்க."