தலைவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது

நகராட்சித் தலைவரின் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அதன் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார் குமாஸ்தா. உள்ளே ஈ காக்கை இல்லை. குண்டு விழ ஆரம்பித்த அன்றே தலைவர் கம்பி நீட்டிவிட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் மற்றவர்களும் மூட்டை கட்டிவிடுவார்கள். ஊருக்குக் குடிக்கத் தண்ணீர்கூட இருக்காது.

“தலைவரைப் பார்க்கணும். பம்புக்கு டீசல் இன்னிக்கு மட்டும்தான் வரும்,” என்று வந்து நின்றார் பம்ப் ஆபரேட்டர்.

“அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு. நான் கேட்டுட்டு வரேன்.”

குமாஸ்தா உள்ளே போய், தலைவரின் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையைச் சொறிந்துவிட்டு வெளியே வந்தார்.

“ஓடாம நிக்குற பஸ்லேர்ந்து டீசலை இறக்கச் சொல்றார்!”

பம்ப் ஓடியது. மறுநாள், தலைவர் தொண்டைக்கு இதமாக ஒரு குடுவை நிறைய சூப் வந்தது. குமாஸ்தாவே உள்ளே போய்க் குடித்தார். சூடு தாங்காமல் இருமித் தொலைத்தார். அதுதான் வம்பாயிற்று.

“இது நெஞ்சுச்சளி. ஊசி போட்டே ஆகணும்,” என்றாள் இருமலைக் கேட்டு வந்த நர்ஸம்மா.

“அவர் யார் முகத்துலயும் முழிக்க மாட்டேங்கறாரேம்மா!”

“முகம் எதுக்கு? கையை நீட்டச் சொல்லுங்க, போதும்.”

உள்ளே நழுவிய குமாஸ்தா, கதவிடுக்கில் தன் கையையே நீட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

“தலைவர் ரொம்ப இளைச்சுட்டார்,” என்றாள் நர்ஸம்மா. “நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க.”

மூன்றாம் நாள் காலை, பக்கத்துத் தெருவில் குண்டு விழுந்தது. ஜன்னல் கண்ணாடிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. எல்லோரும் நிலவறைக்கு ஓடினார்கள். குமாஸ்தாவும் தலைதெறிக்க ஓடினார். கீழே வந்து மூச்சு வாங்கும்போதுதான் உறைத்தது: தலைவரை மேலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்!

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

“அந்த ரூம்ல யாருமே இல்லைய்யா,” என்று உடைந்துபோனார். “எல்லாம் பொய். உத்தரவு போட்டதெல்லாம் நான்தான்.”

தண்ணீர் லாரி டிரைவர் நகர்ந்து இடம்விட்டார்.

“உட்காருங்க சார். அவரை ரயிலடியில இறக்கிவிட்டதே நான்தான். எங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்களும் கிளம்பிடுவீங்களோன்னு பயந்துதான் ஊரே வாயை மூடிக்கிட்டு இருந்தோம்.”