சனிக்கிழமை லாரி அனுப்பவும்

கர்த்தருக்குள் பிரியமான வெர்டெல் அக்காவுக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி லுவேனா அலபாமாவிலிருந்து எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டி சுகமா? டெட்ராய்ட்டில் இந்நேரம் பனி விழுந்திருக்கும், படியில் உப்புத் தூவாமல் இறங்காதீர்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்று உங்களுக்குத் தெரியும். போனில் சொல்லலாம் என்றால், இந்த வீட்டுச் சுவர் சிக்னலைக்கூட உள்ளே விடுவதில்லை. விஷயம் இதுதான்: அங்கே தனியாகக் காலம் தள்ள முடியாது என்றீர்களே, நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். நான் டெட்ராய்ட்டுக்கே திரும்பி வருகிறேன். உங்கள் மகன் டெவானை வரும் சனிக்கிழமை லாரியோடு அனுப்பிவையுங்கள்.

பிள்ளையைப் பற்றிப் பெற்றவளிடம் குறை சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கார் கம்பெனி வேலை முடிந்ததும் அப்பா நிலத்துக்கே போய்ச் சின்னதாக, கரண்ட் குடிக்காத ஒரு வீடு கட்ட வேண்டும் என்று உங்கள் தம்பி ஆசைப்பட்டார், அதற்குப் படம் போட்டுக் கொடுத்தவன் டெவான், கூரை ஏறுவதற்குள் உங்கள் தம்பி போய்ச் சேர்ந்தார், படம் மட்டும் பிழைத்துக்கொண்டது. செத்தவர் ஆசையாச்சே என்று நான் கட்டி முடித்தேன். குடிவரும் நாளில் டெவான் வாசலை அடைத்து ஆள் உயர மின்விசிறி ஒன்றை மாட்டினான். சர்ச் ஜனமெல்லாம் நாற்காலி எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. வீட்டுக்குத் தச்சு வேலை பார்த்த சர்ச் ஊழியர், டீக்கன் ஓசியா கேட்டார்:

"என்னப்பா பண்றே?"

"வீட்ல எங்கயாவது காத்து கசியுதான்னு பாக்கறேன் சார். கசிஞ்சா கரண்ட் வீணாகும்."

"நேத்துதான் நாலு ஜன்னல் வச்சேன். அதைச் சேத்து எண்ணிக்கோ."

பக்கத்து நிலத்து எர்லீன் சும்மா இருப்பாளா? "ஏம்பா, மூச்சு விட எங்கயாவது வழி வச்சிருக்கியா, இல்ல உங்க மாமியை ஊறுகா போடப் போறியா?" என்றாள்.

எர்லீன் சொன்னது அந்த வாரமே பலித்தது. கெளுத்தி மீன் பொரித்தேன். உங்கள் தம்பிக்குப் பிடித்தமாகச் சோளமாவில் புரட்டித்தான் பொரித்தேன். காற்றைச் சோதிக்கச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது, அது மிளகாய் தின்ற குழந்தை மாதிரி கத்த ஆரம்பித்தது, நான் துணியால் விசிற விசிற இன்னும் கத்தியது, அந்தச் சத்தத்தில் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. இங்கே தீயணைப்பு வண்டி ஓட்டுவதும் டீக்கன் ஓசியாதான். தலையில் தொப்பியோடு நுழைந்து, "நெருப்பு எங்கம்மா?" என்றார். "அடுப்புலங்க" என்றேன். "அப்ப சரி, அங்கயே இருக்கட்டும். சோள ரொட்டி இருக்கா?" என்று உட்கார்ந்தார். வந்தவர்கள் மொத்த மீனையும் அணைத்துவிட்டுத்தான் போனார்கள். படுக்கை வேறு பரண்மேல் இருக்கிறது, ஏணி வைத்து ஏற வேண்டும். ஒரே ஒரு தடவை ஏறினேன். இறங்க முடியாமல் ஜன்னல் வழியாக எர்லீனைக் கூப்பிட்டேன், அவள் முதலில் சிரித்து முடித்தாள், பிறகுதான் ஏணியைப் பிடித்தாள். அன்றிலிருந்து கீழே பெஞ்சில் படுக்கிறேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன் அக்கா. பாத்திரங்களைத்தான் பொறுக்க முடியவில்லை. உங்களுக்கும் இந்த ஊர் வழக்கம் மறந்திருக்காது. புருஷனை இழந்தவள் வந்து குடியேறியிருக்கிறாள் என்று வீட்டுக்கு வீடு மக்ரோனி, கீரை, பன்றித் தொடை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு என்று வந்து இறங்கியது. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் டேப் ஒட்டிப் பேர் எழுதியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுக்கக் கூடாது. டெவான் வைத்த அவனோ செருப்புப் பெட்டி அளவு, யார் பாத்திரமும் அதற்குள் நுழையாது, நான் கேக்கைத் துண்டு துண்டாகச் சுட்டு, பாத்திரத்தில் ஒட்டவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், "கேக் குடுத்தாளே, பாவம்" என்று அவர்கள் மறுபடி ஒரு கோழியோடு வந்து நிற்கிறார்கள். நான் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு வருகிறது. வந்தவர்கள் உட்கார வேண்டும் என்றால் உட்கார்ந்தவர்கள் வெளியே போக வேண்டும். எர்லீன் சொல்கிறாள்: "எந்திரிச்சா தலை இடிக்குது, உக்காந்தா முட்டி இடிக்குது. உன் புருஷன் ரூஃபஸ் அளவெடுத்தது உனக்கா, கோழிக்கா?"

சின்ன வீடு, சின்ன வீடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டு பேருக்கு அளவெடுத்தது அக்கா. ஒருத்தி மட்டும் இருந்து பாருங்கள், எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று தெரியும். மேஜைக்கு அந்தப் பக்கம் உங்கள் தம்பிக்கென்று போட்ட பலகையில் இத்தனை நாளும் ஊரார் பாத்திரங்கள்தான் உட்கார்ந்திருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். அதனால்தான் வருகிறேன் என்கிறேன்.

அடுத்தவர் பாத்திரத்தோடு ஊரை விட்டுப் போனால் உங்கள் தம்பி கல்லறையிலிருந்து எழுந்து வந்து கேட்பார். ஆகவே இந்த வாரம் முழுக்க நடந்து நடந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவர்கள் மறுபடி கோழியோடு வருவதற்குள் ஓடியும் வந்துவிட்டேன். எர்லீனுடைய நீலப் பாத்திரம் ஒன்றுதான் பாக்கி. போகப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

"போறதுன்னா போ. அவனை யாரு பாத்துக்குவா?"

"யாரை?"

"சர்ச் பின்னால படுத்திருக்கானே, உன் புருஷனை. தினம் காலையில போய் அந்த ஏணிக்காக அவனைத் திட்டிட்டு வர்றியே. உன்னை விட்டா அவனைத் திட்ட இந்த ஊர்ல யாரு இருக்கா?"

கேக்கை அடுப்பில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். முடிவு செய்தது முடிவு செய்ததுதான். லாரியில் தார்ப்பாய் இருக்கட்டும், வழியில் மழை வரும். உங்கள் முட்டியையும் உங்கள் வீட்டு ஹீட்டரையும் இந்தக் குளிர்காலம் முழுக்கக் கர்த்தர் ஓடவைப்பாராக. டெவானுக்கு என் முத்தங்கள். அவன் படத்துக்கு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின்
லுவேனா

பின்குறிப்பு: நேற்றே தபாலில் போட்டிருக்க வேண்டும். எர்லீன் வீட்டில் இல்லை, அவளுடைய நீலப் பாத்திரத்தைக் கேக்கோடு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தால், என் படியில் இன்னொரு பாத்திரம். மேலே மாவு மூடிச் சுட்ட பீச் பழம், இன்னும் குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அடியில் பேர் இல்லை. யாருடையது என்று தெரியாமல் எப்படிக் கிளம்புவது? வீடு வீடாக விசாரிக்க வேண்டும், போகிற வீட்டிலெல்லாம் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள், வசந்தகாலம் வரை இழுக்கும் போலிருக்கிறது. லாரி வேண்டாம். டெவான் வருவதானால் ரம்பத்தோடு வரட்டும், பரணைக் கீழே இறக்க வேண்டும், அந்தப் பலகையும் எனக்கு வேண்டும், ஆட்கள் உட்கார.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன் அக்கா. பேர் இருந்தது. 'எர்லீன்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கழுவும்போது டேப்பை நான்தான் உரித்துவிட்டேன். இன்று காலை அவள் வந்தாள், கவிழ்த்து வைத்திருந்த பாத்திரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அடியில் டேப் பசையை விரலால் தடவினாள். "யாரோடது இது?" என்றாள். "தெரியலையே" என்றேன்.

"இந்த மாதிரிப் பாத்திரத்தை நான் என் ஆயுசுல பாத்ததில்லை சிஸ்டர்" என்று சொல்லி, அதை உங்கள் தம்பி பலகையிலேயே வைத்தாள். "அவசரமில்ல. நிதானமா விசாரி."