முகூர்த்தம் தவறிய மாப்பிள்ளைக்கு ஆதாரம்

சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொன்னால், "அப்படியா? நாளைக்குப் பாத்துட்டு சொல்றேன்" என்று பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர் உலகத்தில் எங்கள் ஆரணியில்தான் இருக்கிறார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்க வேண்டும். ஊருக்கு அவர் தீப்பெட்டி. எனக்குத் தீப்பெட்டி அண்ணன்.

பட்டுப்புடவைக் கடையில் சரக்குப் பார்த்து வாங்கும் வேலையில் இருந்தவர். முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் கிழித்துக் கொளுத்துவார். முடி கருகிய வாடை வந்து சாம்பல் பொடியானால் பட்டு. உருகி உருண்டையானால், "எட்த்துகினு போ" என்று புடவையை மடித்து நீட்டிவிடுவார். தொழிலோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவர் கல்யாணத்தில், மணமேடையிலேயே, மணப்பெண்ணின் கூரைப்புடவையிலிருந்தும் ஒரு நூலை உருவிக் கொளுத்தியதாகச் சொல்வார்கள். நான் நம்பவில்லை. அவர் மனைவியிடமே கேட்டேன். "கொளுத்துனாரு. எங்கப்பாவுக்கு இன்னும் கோவம் போவல" என்றார்.

நான் அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்து எம்.எல்.ஏ. ஒருவருக்கு உதவியாளர். பெயர் வேண்டாம், இன்னும் பார்த்தால் வணக்கம் சொல்கிற உறவு. அவருடைய உரைகளை எழுதித் தருவது நான்தான். தமிழ் எனக்கு அருவியாகக் கொட்டும். உண்மை மட்டும்தான் கொஞ்சம் சொட்டுச் சொட்டாக வரும். கடையை விட்டு நின்ற பிறகு தீப்பெட்டி அண்ணனும் எங்கள் ஆரணி அலுவலகத்தில் வந்து உட்கார ஆரம்பித்தார். எம்.எல்.ஏ.வுக்குப் பள்ளித் தோழர் என்பதால் யாரும் எழுந்து போகச் சொல்ல முடியவில்லை. நான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இத்த யாரு சொன்னது?" என்பார்.

ஒரு நாள் கட்சியின் மூத்தவர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று செய்தி கொண்டுவந்தேன். பெரிய ரோஜா மாலைக்கும் சொல்லியாயிற்று. எம்.எல்.ஏ. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சோக முகத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

"நீ பாத்தியா?" என்றார் தீப்பெட்டி அண்ணன்.

"ஊரே பேசிக்குதுண்ணா."

"ஊரு பேசும். நான் பாத்துட்டு வர்றேன்."

போனார். கதவைத் திறந்தது காலமானவர். காபி வேறு கொடுத்து அனுப்பியிருக்கிறார். மாலையை வீணாக்கக் கூடாது என்று, பிறந்தநாள் வாழ்த்து என்று சொல்லி அவருக்கே கொண்டுபோய்ப் போட்டோம். அன்று அவருக்குப் பிறந்தநாள் இல்லை. அதற்கப்புறம் எம்.எல்.ஏ. ஓர் உத்தரவு போட்டார்: நான் எழுதுவது எதுவாக இருந்தாலும் தீப்பெட்டி பார்த்த பிறகுதான் அவர் கைக்கு வர வேண்டும்.

போக்குவரத்து மானியக் கோரிக்கை விவாதத்துக்கு உரை எழுதிய அன்று அண்ணன் ஊரில் இல்லை. தேசூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். வாத்தியார் வராத வகுப்பு மாதிரி எனக்கு ஒரே கொண்டாட்டம். சலூனில் கேட்ட கதை ஒன்றைத் தூக்கி நடுவில் வைத்தேன்: "படவேட்டுக்குப் பேருந்து வராததால், அங்கே ஒரு மாப்பிள்ளை முகூர்த்தம் தவறித் தாலி கட்டினார். இதுதானா உங்கள் போக்குவரத்து?" எழுதி முடித்து, அண்ணனிடம் காட்டாமலே அனுப்பிவிட்டு, நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் அதைக் கர்ஜித்திருக்கிறார். அமைச்சர் எழுந்து, "யார் அந்த மாப்பிள்ளை? உறுப்பினர் ஆதாரம் தரத் தயாரா?" என்று கேட்டிருக்கிறார். பேரவைத் தலைவரும், நாளைக் காலைக்குள் ஆதாரத்தை அவையில் வையுங்கள், இல்லையென்றால் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள் என்று சொல்லிவிட்டார். மதியம் எனக்கு போன் வந்தது.

"யோவ், அந்த மாப்பிள்ள எங்கய்யா?"

"எந்த மாப்பிள்ள, தலைவரே?"

"நீ எழுதிக் குடுத்தியே, அவன். நாளைக்கு காலைக்குள்ள அவன் கெடைக்கலன்னா, நீயும் ஆபீசு பக்கம் வராத."

எனக்கு அப்போது வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த உத்தியோகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தேசூரிலிருந்து திரும்பியிருந்த தீப்பெட்டி அண்ணனிடம் ஓடினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகத்திலோ கல்யாணக் களை.

"ஜல்தியா கெளம்பு. மொதல்ல சலூனு."

சலூன்காரர் கையை விரித்தார். "எனக்குக் கண்ணமங்கலம் போட்டோக்காரரு சொன்னாருங்க."

கண்ணமங்கலத்துக்குப் பஸ் ஏறினோம். போட்டோக்காரர் ஆல்பத்தையே எடுத்துப் போட்டார். "நான்தாங்க படம் புடிச்சேன். முகூர்த்தம் தப்பினது நெஜம். பஸ்ஸு கதை எனக்குத் தெரியாது. யாரோ மைக்குல சொல்லிகினு இருந்தாங்க."

எனக்குப் போன உயிர் பாதி வந்தது. மாப்பிள்ளை இருக்கிறார், முகூர்த்தமும் தவறியிருக்கிறது. மீதிப் பாதி உயிருக்காகப் படவேடு போனோம்.

மாப்பிள்ளை வாழைத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முகூர்த்தம் போச்சுங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா பஸ்ஸால இல்ல. தாலி எடுத்துக் குடுக்க ஒங்க தலைவரு வரட்டும்னு எல்லாரும் ஒக்காந்துகினு இருந்தோம். அவரு இன்னும் ரெண்டு கல்யாணத்த பாத்துட்டு வந்தாரு. அதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிபோச்சு."

"அப்ப மைக்குல பஸ்ஸுன்னு சொன்னது யாரு?" என்றார் தீப்பெட்டி அண்ணன்.

"இவருதாங்க" என்று என்னைக் காட்டினார் மாப்பிள்ளை. "வழியில பஸ்ஸு இல்லாம ஜனங்க நின்னுகினு இருந்தாங்க, தலைவரு அவங்கள கார்ல ஏத்திகினு வந்தாரு, அதான் லேட்டுன்னு சொன்னாரு."

சொல்லியிருப்பேன். தலைவர் தாமதமாகப் போன கல்யாணம் ஒன்றா இரண்டா? ஒவ்வொன்றிலும் மைக்கைப் பிடித்து ஏதாவது சொல்வதுதானே என் வேலை? நான் விட்ட கதை படவேட்டிலிருந்து கண்ணமங்கலம் போய், சலூனில் முடி வெட்டிக்கொண்டு, ஆளே அடையாளம் தெரியாமல் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. நானும் அதை நம்பிச் சட்டமன்றம் வரைக்கும் அனுப்பிவைத்திருக்கிறேன்.

"ஆதாரம் கெடச்சிடுச்சு" என்றார் அண்ணன், பரம திருப்தியோடு.

"யாருக்கு எதிராண்ணா?"

திரும்பி வர பஸ் ஸ்டாப்பில் நின்றோம். நின்றோம், உட்கார்ந்தோம், மறுபடி நின்றோம். பஸ் வரவில்லை. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. அண்ணனோ சாலையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார். "நெஜமாவே வரல பாத்தியா! நாமளே சாட்சி." பிறகு என் போனை வாங்கிக்கொண்டு, "நீ பேசுனா பேஜாரு" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய், எம்.எல்.ஏ.விடம் வெகுநேரம் பேசினார். ஒரு வார்த்தையும் என் காதில் விழவில்லை. கடைசியில் ஒரு பால் வண்டிதான் எங்களை ஏற்றிக்கொண்டது.

மறுநாள் காலை எம்.எல்.ஏ. எழுந்து, நான் எழுதிக் கொடுக்காத ஓர் உரையைப் பேசினார். "அந்த மாப்பிள்ளைக்கு முகூர்த்தம் தவறியது பேருந்தால் அல்ல, என்னால். சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஆதாரம் தேடி நேற்றுப் படவேட்டுக்குப் போன என் ஆட்கள் இரண்டு பேர், திரும்பிவரப் பேருந்து இல்லாமல் அங்கேயே நின்றார்கள். பேரவைத் தலைவர் அனுமதித்தால் அவர்களைக் கொண்டுவந்து அவையில் வைக்கிறேன்." அவை சிரித்ததாம். அமைச்சரும் சிரித்துவிட்டுப் பரிசீலிப்பதாகச் சொன்னாராம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்.எல்.ஏ. ஊர் திரும்பிய அன்று, மேசைச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"சாவி எதுக்கு?" என்றார். "உன்ன அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். ஆனா தீப்பெட்டி போன்ல சொல்லிட்டான். அந்த உரைய அவனும் படிச்சானாம், படிச்சிட்டுதான் வுட்டானாம், தப்பு அவனுதாம். அவனே ஏமாந்துட்டா நீ எம்மாத்திரம்? போய் வேலையப் பாரு."

வெளியே வந்தேன். அண்ணன் வராந்தா நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கண்ணா அந்த உரையப் படிச்சீங்க? தேசூர்ல இல்ல இருந்தீங்க?"

"படிச்சேன்பா" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பாரா? எங்கே படித்தாய், எப்போது படித்தாய், யார் பார்த்தது என்று பிடுங்கி எடுத்திருப்பார். நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கூடப் பிறந்த அண்ணன் எனக்குக் கிடையாது, அன்றைக்கு வரைக்கும்.