சவரம் செய்ய ஒரு சைலன்சர்

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்து பிழைக்கிறவர்கள் தெருவுக்கு நூறு பேர் தேறுவார்கள். ஆனால், காரின் சைலன்சரில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். நான் குடியிருந்த மாடிக்குக் கீழ் வீட்டுக்காரர். சைலன்சர் அண்ணாத்த என்போம். நிஜப்பெயர் ரேஷன் அட்டையில் இருந்திருக்கலாம். நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நாலைந்து வருடத்துக்கு முந்தைய கதை. வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தவரிடம் சொந்தமாக ஒரு பழைய கார் இருந்தது. அது எங்கேயும் போகாது. பேட்டரி இறங்கிவிடும் என்று தினமும் காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட் மட்டும் செய்வார். சைலன்சர் முழுக்கத் துருவும் ஓட்டையும். அந்தச் சத்தத்துக்கு வேப்பமரத்துக் காகங்கள் கிளம்பினால் பொத்தேரி வரை போய்விட்டுத்தான் திரும்பும். எதிர்வீட்டுக் குக்கர் விசிலடிப்பது அந்த வீட்டுக்கே கேட்காது.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவுக்கு ஒரு பேக்கிங் கம்பெனியில் இரவு ஷிப்ட். விடிந்து வந்து அவர் தலையணையில் தலைவைப்பதும், அண்ணாத்த சாவியைத் திருகுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு வருடம் பொறுத்தார். ஒரு காலை, வந்த கையோடு பெட்டியைக் கட்டினார்.

"இந்தச் சத்தம் என்னிக்கி நிக்குதோ அன்னிக்கி வந்து இட்டுகினு போ. அதுவரைக்கும் எங்கம்மா வூட்ல கீறேன்."

வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கடப்பாக்கத்துக்கு பஸ் ஏறிவிட்டார். அண்ணாத்த போன் செய்தால் மணி மட்டும் அடித்தது.

அடுத்த ஞாயிறு அவர் செங்கல்பட்டுக் காயலான் கடையில் ஒரு பழைய ஸ்டெயின்லெஸ் சைலன்சரைக் கண்டுபிடித்தார். அழுக்காக இருக்கிறதே என்று போர்வையில் சுற்றி, இரு கையாலும் மார்போடு அணைத்து பஸ்ஸில் ஏறினார். ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து, "எத்தினி மாசம்?" என்று கேட்டாராம். அண்ணாத்த உட்கார்ந்துகொண்டு, "பாஞ்சு வருசம் இருக்கும்" என்றாராம்.

"புதுசு ஒண்ணு வாங்கி மாட்டிடலாமே அண்ணாத்த?" என்றேன்.

"வாங்கி மாட்டினா, நீ இன்னா பண்ணேன்னு அவ கேப்பா."

மொட்டைமாடியில் வேலை ஆரம்பமானது. முதல் மூன்று நாள் சைலன்சர் அண்டாவில் புளித்தண்ணீரில் ஊறியது. தெருவே ரசம் மணத்தது. பிறகு கம்பி பிரஷ். பிறகு ஒரு முனையைத் துணியால் அடைத்து, மறுமுனைக்குள் ஊதுபத்திக் கட்டைக் கொளுத்தி வைத்து, எங்கே புகை கசிகிறது என்று பார்த்தார். துணி காயப்போட வந்த வீட்டு ஓனரம்மா, என்ன ஏது என்று கேட்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். கசிந்த நாலு இடத்தையும் ஒரு வெல்டரிடம் சொல்லி அடைத்தார்.

அதற்கப்புறம்தான் உப்புத்தாள். முதலில் முரட்டுத்தாள், பிறகு அதைவிட நைஸ், பிறகு இன்னும் நைஸ். ஒரு தாளை நீளவாக்கில் தேய்த்தால் அடுத்ததைக் குறுக்கே தேய்ப்பார். முந்தைய கோடு ஒன்றுகூடத் தெரியாமல் அழியும்வரை அடுத்த தாளைத் தொடமாட்டார். மெஷினில் ஒரு மணி நேரத்தில் ஆகிவிடுமே என்றால், "கைக்கு வேற இன்னா வேல கீது இப்போ?" என்பார்.

சாயங்காலங்களில் நானும் போய்ப் பக்கத்தில் உட்காருவேன். ஈரத்தாள் சர்... சர்... என்று ஒரே சீராகப் போய்வரும். கண் செருகும். முதல் வாரம் அந்த உலோகம் வெறும் சாம்பல் நிறம். இரண்டாம் வாரம் வானத்தின் வெளிச்சம் மட்டும் அதில் மங்கலாக விழுந்தது. அப்புறம் ஒருநாள் மேகம் நகர்வது தெரிந்தது. அது குழாயின் வளைவில் ஏறி, நீண்டு, மெலிந்து காணாமல் போகும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு சாயங்காலம் தேய்ப்பதை நிறுத்தாமலே, "தூக்கத்துல அவ சிரிப்பா, தம்பி. நான்தான் எழுப்பி வுட்டுக்கீறேன்" என்றார்.

ஒன்றரை மாதம் போயிற்று. கடைசியாக பாலிஷைத் தடவி, பழைய பனியன் துணியால் துடைத்து எடுத்தார். அந்த ஞாயிறு காலை சைலன்சரைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவைத்துச் சவரம் செய்துகொண்டார். பிறகு காருக்கு அடியில் புகுந்து மாட்டினார்.

"இவ்வளவு தேச்சு அடியில போயிடுச்சே. யாரு பாக்கப் போறாங்க?"

"பாக்க வாணாம். கேக்காம இருந்தா போதும்."

சாட்சிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். மாமல்லபுரம் போய்க் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினோம். சவுக்குத் தோப்பில் காற்று வீசுவது காருக்குள் கேட்டது. உப்பளத்தில் தேங்கிய நீர், அதில் வானம், நடுவே நாங்கள். கார் ஓடுகிறதா மிதக்கிறதா என்று எனக்கே சந்தேகம்.

கடப்பாக்கத்தில் மாமியார் வீட்டு வாசலில் நிறுத்தினார். இஞ்சினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை.

"ஹாரன் அடிங்க அண்ணாத்த."

"அடிச்சா அதுவும் சத்தம்தான?"

அரை மணி நேரம் அப்படியே இருந்தோம். கடைசியில் ஸ்டெல்லா அக்கா மீன் கழுவிய தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தார். வீசினார். பாதித் தண்ணீர் பானெட்டின் மேல் விழுந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப வந்த?"

"அர மணி நேரம் ஆவுது."

"வண்டி சத்தமே கேக்கல?"

"ஓடிகினுதான் கீது."

அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையை பானெட்டின் மேல் வைத்துப் பார்த்தார். உள்ளே இஞ்சினின் துடிப்பு தெரிந்திருக்க வேண்டும். கையை எடுக்காமல் சொன்னார்: "நீ வந்தா மொதல்ல சத்தம்தான் வரும்னு ஒன்றர மாசமா காதத் தீட்டி வெச்சிகினு கீறேன். ரோட்ல எந்த லாரி போனாலும் எந்திரிச்சி எந்திரிச்சி பாக்கறேன்."

அண்ணாத்த தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டார். தோல் உரிந்திருந்தது.

"அப்ப பழசையே மாட்டிடவா?"

"மாட்டித்தான் பாரேன்," என்று சொல்லிவிட்டு அக்கா பெட்டியை எடுக்க உள்ளே போனார்.

திரும்பும்போது அவர்கள் இருவரும் முன்னால், நான் பின்னால். கடல்பக்கம் வெயில் தணிந்திருந்தது. இருவரும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் காருக்குள் ஒரு குரல் தாழ்ந்து பேசுவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒவ்வொரு சொல்லும் பின்சீட்டுக்குத் தெளிவாகக் கேட்டது. நான் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்துகொண்டேன்.

ஊர்க்கதை எல்லாவற்றையும் எழுதித் தீர்க்கிறவன் நான். அவர்கள் பேசியதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.