வயோமிங்கைக் கூப்பிடும் வரை எழமாட்டேன்

சிகாகோ, கட்சி மாநாட்டுக் கூடம்,
வெள்ளி பிற்பகல்.

என் மேல் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கும் அன்பு மனைவி வெர்னாவுக்கு,

எல்வுட் எழுதுவது. நீயும் நம் ஆடுகளும் போதகர் ஐயாவும் சுகம்தானே? நானும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பயமாக இருக்கிறது, வெர்னா. ஆறு மணி நேரமாக நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் என் ஓட்டு உன் தம்பி ஓரின் கைக்குப் போய்விடும்.

நம் ஜனாதிபதி வேட்பாளர் இருக்கிறாரே, துணை ஜனாதிபதி வேட்பாளரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். செனட்டர் ஹாஸ்கெல் ஆட்களும் கவர்னர் டிலார்ட் ஆட்களும் அடித்துக்கொள்ளாத குறை. வயோமிங்கிலிருந்து வந்த பதினைந்து பேரில் ஏழு பேர் இந்தப் பக்கம், ஏழு பேர் அந்தப் பக்கம், மிச்சம் நான். எட்டுப் பேர் சொல்கிற ஆளுக்குப் பதினைந்து ஓட்டும் போகும். நமக்கு வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்த ஹாஸ்கெலுக்கே என் ஓட்டு என்று நம் ஊர் சர்ச்சில் எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அது தவறினால் ஊரில் எந்த முகத்தோடு நடப்பேன்? பிரதிநிதி இருக்கையில் இல்லாவிட்டால் மாற்றுப் பிரதிநிதி ஓட்டுப் போடலாம் என்பது விதி. எனக்கு மாற்று உன் தம்பி. காலையிலிருந்து அவன் சட்டையில் டிலார்ட் பேட்ஜ்! பின்வரிசையில் உட்கார்ந்து என் முதுகையே பார்க்கிறான். அதோடு விட்டானா? மணிக்கு ஒரு தரம் எலுமிச்சைச் சாற்றை நீட்டுகிறான்.

"குடிங்க அத்தான், எப்படி வேர்த்துக் கொட்டுது பாருங்க."

"வேணாம்டா."

"அக்கா கேட்டா நான் என்ன பதில் சொல்றது? குடிங்க."

உன் பெயரைச் சொன்னால் எனக்கு மறுக்க வருமா? ஐந்து டம்ளர், வெர்னா! மாநிலங்களை எழுத்து வரிசையில் கூப்பிடுகிறார்கள். அலபாமாக்காரன் ஓட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக எங்கேயும் போய் வருகிறான். மாநிலங்களில் நாம்தான் கடைசி. இப்போதுதான் மிசௌரி. கால் இரண்டையும் பின்னிக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். மேடையில் பேண்டு மேளம் அதிரும்போதெல்லாம் உயிர் போய்விட்டு வருகிறது.

"முகமே வெளுத்துப் போச்சு அத்தான். போய்ட்டு வாங்க, எடத்த நான் பாத்துக்கறேன்" என்கிறான் பாவி. பார்த்துக்கொள்வானாம்! நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்கு இனி அவன் நம் வாசலை மிதிக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

ஒஹாயோ வந்துவிட்டது. எனக்காக ஜெபம் செய். சுருக்கமாகச் செய், நேரமில்லை. போதகருக்கு வணக்கம், ஆடுகளுக்கு அன்பு.

உன்,
எல்வுட்

பின்குறிப்பு: வெஸ்ட் வர்ஜீனியாவில் தாங்க முடியாமல் ஓடிவிட்டேன். கழிப்பறைக்குள் ஒலிபெருக்கி கேட்டது: "வயோமிங், பதினைந்தும் ஹாஸ்கெலுக்கு!" எட்டாவது ஓட்டு உன் தம்பி போட்டது. ஹாஸ்கெல் ஜெயித்துவிட்டார்.

"அப்ப அந்த பேட்ஜ் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"ஒரு பொண்ணு குத்தி விட்டுச்சு அத்தான், கழட்டினா மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன். நீங்க சர்ச்சுல வாக்குக் குடுத்தப்ப நானும் பக்கத்துலதான நின்னேன்?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வான்கோழியில் பெரிய காலை அவனுக்கு எடுத்து வை.

ஓடிய அவசரத்தில் இந்தக் கடிதத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் நாலாக மடித்து என் தொப்பிக்குள் இருக்கிறது. படித்தாயா என்று அவனைக் கேட்கத் தைரியம் இல்லை. அவன் ஆறாவது டம்ளரை நீட்டினான், மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டேன்.