முதல் கம்பியிலேயே தீர்ப்பு

எதையும் முழுதாகப் பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்று நினைக்கும் ஒரு ரக மனிதர்கள் உலகில் உண்டு. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று யாரோ அடுப்படியில் சொன்னதை எடுத்துக்கொண்டு வந்து, பானையே இல்லாத இடங்களிலெல்லாம் பதம் பார்ப்பவர்கள் இவர்கள். கூடையில் மேலாக இருக்கும் ஒரே ஒரு ஆப்பிளை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கூடையோடு வாங்கி வருவார்கள். பெண்ணின் அண்ணன் சிரித்துப் பேசினான் என்று கல்யாணத்தையே நிச்சயம் பண்ணுவார்கள். முன்னுரையைப் படித்துவிட்டு நாவலுக்கு மதிப்புரை எழுதுவார்கள். கேட்டால் பழமொழி தயார். பழமொழியோடு யார் சண்டை போட முடியும்?

எனக்குத் தெரிந்த பதம் சார் இந்த ரகத்தில் முதல் தரம். இரும்பு நாற்காலிகளுக்குப் பெயின்ட் அடித்து, அறை அளவு பெரிய மின்சார ஓவனில் வைத்து உலர்த்தும் தொழிற்சாலையில் அவர்தான் மூத்த எலக்ட்ரீஷியன்.

அந்த ஓவனில் கொஞ்ச நாளாகச் சூடு ஏறுவதில் சுணக்கம். வெளியே வந்த நாற்காலிகளில் நகத்தால் சுரண்டினாலே பெயின்ட் உரிந்தது. பழி யார் தலையில் விழும்? ஓவனைக் கவனித்துக்கொள்ளும் அக்காவின் தலையில்தான். “அடுத்த லோடும் உரிஞ்சா, நீங்க வேற வேலை பாத்துக்கங்கம்மா” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த ஓவனை நம்பித்தான் அக்கா வீட்டில் அடுப்பே எரிகிறது.

பதம் சார் வந்தார். பேனல் கதவைத் திறந்தார். ஹீட்டருக்குப் போகும் மூன்று கம்பிகளில் கைக்கு எட்டிய முதல் கம்பியை, ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரால் கவ்வினார். நாற்பது ஆம்ப்ஸ்.

“கரெக்டா இருக்கு. ஹீட்டர் கல்லு மாதிரி இருக்கு.”

“மத்த ரெண்டையும் பாத்துடுங்களேன் சார்...”

“ஏம்மா, பானையில இருக்கற சோத்தையெல்லாம் நசுக்கிப் பாத்தா, சாப்பிட என்ன மிஞ்சும்?”

பிறகு குற்றவாளியைத் தேடும் படலம் ஆரம்பமானது. கதவு ரப்பரை மாற்றினார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், பெயின்ட்டைத் திட்டினார், மழையைத் திட்டினார், கடைசியில், “அக்கா கதவை அடிக்கடி திறந்து பாக்கறாங்களோ என்னவோ” என்று மேனேஜர் காதிலும் போட்டுவைத்தார். ஒவ்வொரு முறையும் முதல் கம்பி. ஒவ்வொரு முறையும் நாற்பது. அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போக ஆரம்பித்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அடுத்த லோடு ஏற்ற வேண்டிய காலையில், பேனலுக்கு முன்னால் யாரோ பெயின்ட் டிரம்களை அடுக்கிவிட்டார்கள். இடது பக்கம் நுழைய பதம் சாரின் தொப்பை சம்மதிக்கவில்லை. வேறு வழியில்லாமல் வலது பக்கமாகக் கையை நீட்டி மூன்றாவது கம்பியைக் கவ்வினார். இருபத்துமூன்று.

“மீட்டர் போச்சு” என்றார். பேட்டரியை மாற்றினார். இருபத்துமூன்று. பக்கத்து செக்‌ஷனிலிருந்து வேறு மீட்டர் வாங்கி வந்தார். அதுவும் கூட்டுச் சதியில் சேர்ந்துகொண்டது. டிரம்களை உருட்டித் தள்ளிவிட்டு நடுக்கம்பியைப் பார்த்தால் அங்கேயும் இருபத்துமூன்றுதான். ஹீட்டருக்குள்ளே சூடேற்றும் மூன்று எலிமென்ட்டில் ஒன்று எப்போதோ எரிந்துபோய், அதைச் சேர்ந்த இரண்டு கம்பிகளும் இளைத்துக் கிடக்க, அதோடு சம்பந்தமே இல்லாத முதல் கம்பி மட்டும் ஒன்றும் நடக்காதது போல இத்தனை நாளும் நாற்பது காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

எலிமென்ட் மாறியது. ஓவன் கொதித்தது. பெயின்ட்டை ஆணியால் கீறினாலும் வரவில்லை. அக்காவின் வேலை தப்பியது. “நான் அப்பவே ஹீட்டர் மேலதான் சந்தேகப்பட்டேன்” என்று மேனேஜரிடம் சொன்னார் பதம் சார்.

போகட்டும், திருந்தினாரா? திருந்தினார். இப்போதெல்லாம் எந்த ஹீட்டராக இருந்தாலும் முதல் கம்பியைத் தொடுவதே இல்லை. நேராக மூன்றாவது கம்பிக்குப் போகிறார். அதை மட்டும் பார்க்கிறார். கதவை மூடுகிறார்.

“மூணாவதுதாங்க பொய் சொல்லாது.”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று வீட்டுக்குப் போன் செய்தீர்களே, எடுத்தது அப்பா. “நாங்க நல்லாத்தான் இருக்கோம், நீ கவலைப்படாத” என்றார். குரல் கணீரென்று இருந்தது. திருப்தியாக வைத்துவிட்டீர்கள். போன வாரமும் எடுத்தது அப்பாதான்.

அம்மா குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது?