சீர்க் கட்டிலும் நான் சாணை பிடித்த உளிகளும்

புகுந்த வீட்டில் நல்ல பெயர் எடுக்க ஒரு புதுப்பெண் துடிக்க ஆரம்பித்தால், அந்த வீட்டுச் சாமான்களை எல்லாம் பூட்டி வைப்பது நல்லது. எழுபதுகளில் காரிமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கடைசல் பட்டறை வைத்திருந்தார். மோட்டாரில் சுழலும் மரத்தில் உளியைக் கொடுத்துக் கட்டில் கால், தொட்டில் கட்டை எல்லாம் கடைந்தெடுப்பார். அப்போது அவர் தங்கை மல்லிகாவுக்குக் கல்யாணம். சீர்க் கட்டிலுக்கு ஒரே தேக்கில் அறுத்த நாலு கால். மூன்று முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்றையும் முடித்தால், மறுநாள் இண்டூரில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கட்டில் போய்விடும்.

அன்று சந்தை நாள். தெருவில் சாணை பிடிக்கிறவர் வந்தார். அரிவாள்மனையோடு பட்டறை உளிகளையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். (பின்னே? ஒவ்வொன்றின் வாயும் தடித்துச் சரிந்து கிடந்தது. இந்த மழுங்கல் உளியோடு மனுஷர் எப்படித்தான் பாடுபடுகிறாரோ என்று கண்ணே கலங்கிவிட்டது.)

"பிளேடு கணக்கா வரணுங்க," என்றேன்.

"மூஞ்சியே வழிக்கலாம்மா," என்று பிடித்துக் கொடுத்தார்.

மத்தியானம் மாப்பிள்ளையின் பெரியப்பா கட்டிலைப் பார்க்க வந்து, பட்டறை பெஞ்சில் உட்கார்ந்தார். சகுனம் பார்க்கிற குடும்பம். காபி கொடுத்துவிட்டு, பாராட்டு வரட்டும் என்று நான் வாசற்படியிலேயே நின்றேன். என் வீட்டுக்காரர் பெரியவரோடு பேசிக்கொண்டே, பழக்கத்தில் கைக்கு வந்த உளியை எடுத்துச் சுழலும் மரத்தில் வைத்தார்.

படார்!

உளி மரத்துக்குள் புகுந்துவிட்டது. கடைந்துகொண்டிருந்த நாலாவது கால் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு பெரியவரின் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டது. அவர் வழுக்கைத் தலையோடு, டம்ளரை வாய்க்கருகே பிடித்தபடி அசையாமல் இருந்தார். ஆள் போய்விட்டார் என்றே நினைத்தேன். மல்லிகாவின் கல்யாணம் நின்றுபோகும், என்னையும் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் வெளிறிப்போய் உளியைத் திருப்பிப் பார்த்தார். "யாரு இதுக்குச் சாணை புடிச்சது?"

"நாந்தாங்க... கூரா இருக்கட்டும்னு."

"இது என்ன காய் அரியற கத்தியா? இங்க மரமில்ல சுத்துது! வாய் தடிமனா, சரிவா இருந்தாத்தான் சீவும். இப்படி மெலிசா இருந்தா மரமே உளியப் புடிச்சு இழுத்துக்கும். ஒவ்வொரு உளிக்கும் ஒரு சரிவு வெச்சிருந்தேனே, அத்தனையும் போச்சே!"

பெரியவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுங்க. இதவிட நல்ல சகுனம் வேணுமா? எந்தக் கால வேணாலும் மாட்டுங்க. நாளைக்குக் கட்டில் எங்க வூட்டுக்கு வந்துரணும்," என்றார்.

உளிகளைப் பழைய சரிவுக்குக் கொண்டுவர நேரமில்லை. வாச்சியால் செதுக்கிய மொட்டை வேப்பங்கால் ஒன்றைச் சேர்த்து, குமிழும் வளையமுமான மூன்று தேக்குக் கால்களோடு கட்டில் இண்டூருக்குப் போனது. அவசரத்தில் செதுக்கிய கால் கொஞ்சம் குட்டை. அதற்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள்.

போன வருஷம் இண்டூர் போயிருந்தேன். மல்லிகா எனக்கு அந்தக் கட்டிலையே ஒதுக்கினாள். நான் உட்கார்ந்ததும் கட்டில் ஆடியது. முகத்தில் சிரிப்பே இல்லாமல் மருமகளைக் கூப்பிட்டாள்.

"அண்ணி படுக்கப் போறாங்க. சரோஜாவுக்கு அடியில அட்டைய வெச்சியா இல்லியா?"